மாப்பிள்ளைத் தலை

கோவிச்சுக்காதீங்க தம்பி, ஒண்ணு கேக்குறேன். திண்டுக்கல்ல பஸ் ஏறினதுலேருந்து பாத்துக்கிட்டு வர்றேன். காதோரம் அவ்வளவு சுத்தமா எடுத்திருக்கு. பின்னங்கழுத்துல வழவழன்னு இறக்கியிருக்கு. இந்த முடிவெட்டுக்கு எவ்வளவு குடுத்தீங்க?

முந்நூறா? வெட்டுறதுக்கு மட்டும் முந்நூறா?

சரி, சரி. நான் ஒண்ணும் சொல்லல. உங்க தலை, உங்க காசு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. இருபத்தி மூணு வருஷமா இந்தத் தலைக்குன்னு நான் கடையில ஒத்த ரூபா குடுத்ததில்ல. வெட்டுறதும் நானே, டை அடிக்கிறதும் நானே. எனக்கு வயசு அறுபத்தி மூணு. ஒரு நரைமுடி காட்டுங்க பாப்போம். தெரியாதுல்ல?

இதை வெளியில சொன்னா கெட்டிக்காரருன்னு சொல்வாங்க. நாகல்நகர்ல போய் ரேஷன் கடை சௌந்தரபாண்டின்னு கேட்டுப் பாருங்க. முப்பது வருஷம் அங்க பில் போட்டவன். ஒரு நாள் கெட்ட பேர் வாங்கினதில்ல. கெட்ட பேர் வாங்கினது எங்க தெரியுமா? என் மகன் கல்யாணத்துல. முந்நூறு பேர் முன்னாடி பெத்த மகன் என்னைச் சிரிப்பாச் சிரிக்க வச்சான் தம்பி. ரெண்டரை வருஷமாச்சு, இன்னும் இங்க எரியுது. நீங்க மூணாம் மனுஷன். கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்க தெருமுனையில ராமலிங்கம்னு ஒருத்தன் சலூன் வச்சிருக்கான். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன். இருந்தாலும் அண்ணேன்னுதான் கூப்பிடுவான். மரியாதை தெரிஞ்சவனாத்தான் இருந்தான். அப்ப என் மகன் நவநீதனுக்கு ஏழு வயசு. கூட்டிட்டுப் போறேன், திடீர்னு ரேட்டு ஏத்தியாச்சுங்கிறான். பெரியவங்களுக்கும் இருபது, சின்னவங்களுக்கும் இருபது. நான் கேட்டேன், "ஏம்ப்பா, இது பாதித் தலை. இதுக்கும் இருபதா?" அதுக்குச் சொல்றான், "அண்ணே, சின்னப் புள்ளைக்குத்தான்ணே வேலை ஜாஸ்தி. தலையை ஆட்டிக்கிட்டே இருக்கும். கத்தி பட்டுறக் கூடாதுல்ல."

எனக்கே பாடம் எடுக்குறான். கடையில நாலு பேர் உக்காந்திருக்காங்க, அவ்வளவு பேர் முன்னாடி. விறுவிறுன்னு புள்ளையைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். இந்திராணி, அதான் என் சம்சாரம், ஜாக்கெட் தைக்க வச்சிருந்த கத்திரிக்கோலை எடுத்தேன். கொல்லையில ஸ்டூலைப் போட்டேன், வேட்டியைக் கழுத்துல சுத்தினேன், வெட்டினேன். அழுதான். எந்தப் புள்ளை அழல?

மறைக்காம சொல்றேன், வெட்டின அன்னைக்குக் கொஞ்சம் மேடும் பள்ளமுமாத்தான் இருக்கும். ஆனா பாருங்க, மறுநாள் பள்ளிக்கூடம் போயிட்டுச் சாயங்காலம் திரும்பி வருவான், அப்படியே படிஞ்சு, காதோரம் அளவா, கடையில வெட்டின மாதிரி இருக்கும். முடியோட குணம் அது. ஒரு நாள் விட்டா தானா இடம் பாத்து உக்காந்துக்கும். "பாத்தியாடி?"ன்னு இந்திராணிகிட்டக் காட்டுவேன். அவ அடுப்பைப் பாப்பா.

மூணே மாசத்துல கை பழகிருச்சு. அப்புறம் எனக்கு நானே. ரெண்டு கண்ணாடி வச்சு வெட்டுவேன். இந்திராணிக்கு நுனி வெட்டுறதும் நான்தான். அவளுக்கு முப்பத்தஞ்சுலயே நரை விழுந்துருச்சு. பார்லருன்னு ஒரு நாள் வாயெடுத்தா. "பவுடரைக் கலக்கிப் பூசுறதுக்கு எதுக்குடி ஏசி?"ன்னு கேட்டேன். அதோட சரி. அப்புறம் வாயெடுக்கல. இப்படி ஒவ்வொண்ணா மிச்சம் பிடிச்சுத்தான் தம்பி அவனைப் பாலிடெக்னிக் படிக்க வச்சேன். கடன் வாங்கல. ஒருத்தன்கிட்டப் போய் நிக்கல. இதை அவன் நினைச்சுப் பாக்கணுமா இல்லையா?

படிச்சான், ஓசூர்ல வேலை கிடைச்சுச்சு. நல்ல சம்பளம். அப்பவும் தீபாவளி, பொங்கலுக்கு வர்றப்போ முடியை வளத்துக்கிட்டுத்தான் வருவான். நான் சொல்லக்கூட மாட்டேன், அவனே ஸ்டூலை எடுத்துட்டு வந்து கொல்லையில போட்டு உக்காந்துருவான். "வெட்டுங்கப்பா"ம்பான். அவ்வளவுதான். அரை மணி நேரம் நான் வெட்டுவேன், அவன் உக்காந்திருப்பான். நான்கூட நினைச்சேன், பரவாயில்ல, சம்பாதிக்கிற புள்ளை, காசோட அருமை தெரிஞ்சு வச்சிருக்கான்னு.

கல்யாணம் நிச்சயமாச்சு. பொண்ணு ஒட்டன்சத்திரம். பேரு சுகந்தி. அவளும் ஓசூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குறா. அவங்கப்பா வீராச்சாமி, காய்கறி மார்க்கெட்டுல கமிஷன் மண்டி. கை தாராளம். மண்டபம் அவங்க செலவு. பேச்சு நல்லபடியா முடிஞ்சுச்சு.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி ஒரு சீட்டு என் கண்ணுல படுது. நவநீதன் துவைக்கப் போட்ட சட்டைப் பாக்கெட்டுல இருந்துச்சு. பைபாஸ்ல கண்ணாடி போட்டு ஒரு சலூன் இருக்கு. அங்க இவன் அட்வான்ஸ் கட்டியிருக்கான். என்னான்னு பாத்தா, 'மாப்பிள்ளை பேக்கேஜ்'. முடிவெட்டு, முகத்துக்கு என்னமோ, தலைக்குக் கலர். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா! ஆறாயிரத்து ஐந்நூறு தம்பி! முன்பணம் ஆயிரம்.

அன்னைக்கே வண்டியை எடுத்துட்டுப் போனேன். கவுண்டர்ல ஒரு பொண்ணு. "சார், அட்வான்ஸ் திருப்பித் தர்றதில்ல"ங்குது. "எந்தச் சட்டத்துலம்மா இருக்கு?"ன்னு கேட்டேன். சோபாவுல உக்காந்துட்டேன். வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் கேட்டேன், "என்ன சார், நீங்களும் ஆறாயிரமா?" ஒரு மணி நேரம். ஆயிரத்தைக் கையில வச்சு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து நவநீதன்கிட்டக் குடுத்தேன். "இந்தா, உன் பணம். உன்னை ஏமாத்தப் பாத்தாங்க. போய்ச் சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன்."

அவன் அந்த நோட்டுகளைப் பாத்தான். "அப்பா, இந்த ஒரு தடவைதானே"ன்னான். "எதுக்குடா? நானில்லையா?"ன்னேன். பணத்தை டிவி மேல வச்சான். "சரிப்பா. கடைசித் தடவை"ன்னான்.

நியாயந்தானே. கல்யாணத்துக்கு அப்புறம் பொண்டாட்டி சொல்ற கடையிலதானே வெட்டுவான். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

கல்யாணத்துக்கு மொத நாள், சாயங்காலம் மண்டபத்துக்குக் கிளம்பணும். காலையில பதினோரு மணிக்கு ஸ்டூலைப் போட்டேன். அதுக்குள்ள கத்திரிக்கோல் போய் மெஷின் வந்திருந்துச்சு, நாலஞ்சு வருஷமா அதுலதான் வெட்டு. மெஷின் முன்னாடி ஒரு பிளாஸ்டிக் சீப்பு மாட்டணும். சீப்பு இருந்தா முடி இவ்வளவு நீளம் நிக்கும், இல்லன்னா ஒட்ட வழிச்சிரும். அந்தச் சீப்போட கொக்கி எப்பவோ ஒடைஞ்சு போச்சு. சீப்பு மட்டும் தனியாத் தர மாட்டானாம், புது மெஷினே வாங்கணுமாம். என்ன அநியாயம்! ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன். ரெண்டு வருஷம் நின்னுச்சு தம்பி அந்த ரப்பர் பேண்டு. ரெண்டு வருஷம்! அன்னைக்குப் பாத்து அறுந்தா நான் என்ன பண்ணுவேன்?

அவன் மேலயும் தப்பு இருக்கு. போன் அடிச்சுச்சு, குனிஞ்சான். நான் கழுத்துலேருந்து மேல ஏத்திக்கிட்டு இருக்கேன். மெஷின் சர்ருன்னு போயிருச்சு. பிடரியிலேருந்து உச்சி வரைக்கும். நாலு விரல் அகலத்துக்கு. காட்டுக்கு நடுவுல ரோடு போட்ட மாதிரி, வெள்ளையா.

மெஷினை ஆஃப் பண்ணினேன்.

"என்னப்பா?"ன்னு கேட்டான்.

"ஒண்ணுமில்ல, ஆடாம உக்காரு"ன்னேன்.

வேற என்ன சொல்ல முடியும்? அந்த நேரத்துல யோசனை ஓடணும், அதான் மனுஷன். உள்ள போனேன். எனக்கும் இந்திராணிக்கும் கலக்கினது போக டை பவுடர் மிச்சம் இருந்துச்சு. கலக்கினேன், பிரஷ்ஷால அந்த ரோடு மேல பூசினேன். கறுப்பு கறுப்போட சேந்துரும், தூரத்துலேருந்து பாத்தா தெரியாதுன்னு கணக்கு. "என்னப்பா சில்லுன்னு இருக்கு?"ன்னான். "பொடுகு இருக்குடா. மருந்து போடுறேன். அரை மணி நேரம் உக்காரு."

உக்காந்தான். எரியுதுன்னான். மருந்துன்னா எரியத்தான் செய்யும்னேன்.

இந்திராணி காபி எடுத்துட்டு வந்தா. பின்பக்கமா வந்தா. டம்ளர் கீழ விழுந்துச்சு. "ஐயோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"ன்னு அலறினா பாருங்க, பக்கத்து வீட்டு மாடியிலேருந்து எட்டிப் பாத்தாங்க. அந்த அலறல்தான் காரியத்தைக் கெடுத்துச்சு. அவன் போனைத் தூக்கித் தலைக்குப் பின்னாடி பிடிச்சு ஒரு போட்டோ எடுத்தான். எடுத்துப் பாத்தான். கத்துவான்னு நினைச்சேன். கத்தல. அந்தப் போட்டோவைப் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் அம்மாகிட்டச் சொன்னான், "ராமலிங்கம் மாமாவைக் கூப்பிடும்மா."

மாமாவாம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவன் கடையை மிதிச்சு இருபது வருஷம் ஆச்சு, எப்படி மாமா ஆனான்?

ரெட்டியார்சத்திரம் தாண்டிருச்சா? கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி. ம். போதும்.

ராமலிங்கம் வந்தான். பெட்டியோட வந்தான். என்னைப் பாத்து, "வணக்கம்ணே"ன்னான். நவநீதன் தலையைத் திருப்பிப் பாத்தான். விரலால தொட்டுப் பாத்தான். "அண்ணே, இது ஒட்டப் போயிருச்சு. இதுக்குச் சமமா வரணும்னா மொத்தமும் எடுத்தாத்தான் உண்டு. வேற வழி எனக்குத் தெரியல"ன்னான்.

"கல்யாண மாப்பிள்ளைக்கு மொட்டையாடா?"ன்னு கேட்டேன்.

"அதான்ணே எனக்கும் கை வரல."

நவநீதன் சொன்னான், "எடுத்துருங்க மாமா."

அவன் எடுக்க எடுக்க இந்திராணி அழறா. எழவு வீடு மாதிரி ஆயிருச்சு. முடி போன பிறகுதான் தெரியுது, அந்த டை தோல்ல பிடிச்சிருச்சு. வெள்ளை மண்டையில நடுவுல கறுப்புப் பட்டை. ராமலிங்கம் தேங்காயெண்ணெய் வச்சுத் தேச்சான், எலுமிச்சம்பழத்தை அரிஞ்சு தேச்சான். தேச்ச இடம் செவந்துச்சே தவிர, கறுப்பு போகல. நல்ல டை அது, நான் ஒண்ணும் மட்டமானது வாங்குறதில்ல.

முடிச்சிட்டுப் பெட்டியைக் கட்டினான். நான் இருநூறு ரூபாயை நீட்டினேன். யாருக்கும் நான் கடன்பட மாட்டேன். அவன் கையைக் கூப்பினான். "வேணாம்ணே. நவநீ தலைக்கு நான் என்னைக்குக் காசு வாங்கியிருக்கேன்?"

"என்னைக்குன்னா?"

அவன் இந்திராணியைப் பாத்தான். இந்திராணி தரையைப் பாத்தா. நவநீதன்தான் சொன்னான், திரும்பாமயே. "நீங்க வெட்டிவிட்ட மறுநாள் காலையில ஸ்கூலுக்குப் போற வழியில மாமா கடைக்குப் போவேன்ப்பா. மாமா சரி பண்ணி விடுவாரு. பத்தாங்கிளாஸ் வரைக்கும். அப்புறமும் எப்ப லீவுக்கு வந்தாலும், நீங்க வெட்டினதுக்கு அடுத்த நாள் போவேன்."

பாத்தீங்களா? எனக்குத் தெரியாம! அப்பனும் மகனும் ஒரு வீட்டுல இருந்துக்கிட்டு, இருபது வருஷம், என் கைவேலையை இன்னொருத்தன் திருத்தியிருக்கான். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இதுக்கு என்ன பேரு தம்பி? துரோகம் இல்லையா? நான் அன்னைக்கே கேட்டேன், "அப்படி என்ன கோணலா வெட்டிப்புட்டேன்? சொல்லியிருந்தா நானே சரி பண்ணியிருப்பேன்ல?" இப்பவும் நான் நம்பல. கொஞ்சம் அங்கங்க தட்டி விட்டிருப்பான், அவ்வளவுதான். முடி தானாவே படியும். யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

இதோ ஒட்டன்சத்திரம் வந்துருச்சு. அந்தப் பக்கம் பாருங்க, பெட்ரோல் பங்குக்கு அடுத்து, ரோஸ் கலர்ல. அந்த மண்டபந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு வேன்ல வந்து இறங்கினோம். மேளம் வாசிக்கிறாங்க. பன்னீர் தெளிக்கப் புள்ளைங்க வரிசையா நிக்குதுங்க. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு இறங்குடான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். வேன் கதவு வரைக்கும் கட்டிக்கிட்டு வந்தான். இறங்கினதும் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டான்.

மேளம் நின்னு போச்சு தம்பி. நாயனக்காரன் வாயிலேருந்து நாயனத்தை எடுத்துட்டு நிக்கிறான்.

பொண்ணோட தாய்மாமன் ஒருத்தர், பெரிய மீசை, அவருதான் மொதல்ல வந்தாரு. மாப்பிள்ளை மொட்டையா வந்து நின்னா என்ன நினைப்பாங்க? வீட்டுல ஏதோ சாவு, மறைச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னுதான் நினைப்பாங்க. அவர் நேரா நவநீதன்கிட்டக் கேட்டாரு. "மாப்பிள்ளை, என்ன இது? வீட்டுல யாருக்கு என்னாச்சு? அப்பா இருக்காருல்ல?"

நான் பின்னாடி வேன்லேருந்து தாம்பாளத்தை இறக்கிக்கிட்டு இருக்கேன். கேக்குது.

இவன் சொல்றான், நல்லா உரக்கச் சொல்றான், "இருக்காரு மாமா. அவர் இருக்கிறதாலதான் இந்த மொட்டை."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியல. அப்புறம் அவன் திரும்பிப் பின்னந்தலையைக் காட்டினான். அந்தக் கறுப்புப் பட்டையை. "செலவு மிச்சம்"னான். எவனோ ஒருத்தன் மொதல்ல சிரிச்சான். அப்புறம் பன்னீர் தெளிக்கிற பொண்ணுங்க. அப்புறம் மண்டபமே. வீராச்சாமி சிரிக்கல, அவர் மொகம் செத்துப் போச்சு. நாயனக்காரன் சிரிச்சான் தம்பி. கூலிக்கு வந்தவன்!

நான் தாம்பாளத்தோட நிக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் வளத்தது இதுக்குத்தானா? நீங்க சொல்லுங்க, வீட்டுக்குள்ள என்ன வேணாலும் கேட்டுக்கலாம், சபையில அப்பனை விட்டுக்குடுக்கலாமா?

சிரிச்சு முடிஞ்சதும் பிரச்சினை ஆரம்பிச்சுச்சு. பெரியவங்க கூடிட்டாங்க. மொட்டைத் தலையோட தாலி கட்டினா பொண்ணுக்கு ஆகாது, தேதியைத் தள்ளிப் போடுங்கன்னு ஒரு கூட்டம். சமையல் ஆகிருச்சு, பத்திரிகை குடுத்தாச்சு, எப்படித் தள்ளுறதுன்னு ஒரு கூட்டம். இந்திராணி ஒரு மூலையில உக்காந்துட்டா. நவநீதன் நாற்காலியில குனிஞ்சு உக்காந்திருக்கான். நான் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிக்கிட்டு இருக்கேன், ரப்பர் பேண்டு அறுந்த கதையை. எவனும் காது குடுக்கல.

அப்ப உள்ளேருந்து அந்தப் பொண்ணு வருது. பாதி அலங்காரம், ஒரு பக்கம்தான் பூ வச்சிருக்கு. அத்தனை பெரியவங்க நிக்கிறோம், ஒருத்தரைப் பாக்கல. நேரா இவன் பின்னாடி போய் நின்னு, அந்தப் பட்டையை, செவந்து கிடந்துச்சுல்ல, அதைப் பாத்துக் கேக்குது, "எரியுதா?"

இவன் அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்தவன், கண்ணுல தண்ணி விட்டுட்டான்.

கல்யாணப் பொண்ணு சபையில வந்து அப்படிக் கேக்கலாமா? எங்க காலத்துல உண்டா? எரியுதாங்கிறது ஒரு கேள்வியா? காலையிலேருந்து எத்தனை பேர் இருந்தோம், நாங்க யாராவது கேட்டோமா? இதெல்லாம் வீட்டுக்குப் போய்க் கேக்க வேண்டியது.

அது போய் ஃபிரிஜ்ஜுலேருந்து தயிர் எடுத்துட்டு வந்து அவன் தலையில தடவுச்சு. தடவிக்கிட்டே பெரியவங்களைப் பாத்துச் சொல்லுச்சு, "நாளைக்குக் கல்யாணம் நடக்கும். இவருக்கு முடியில்லாட்டியும் எனக்குப் பரவாயில்ல." அதுக்கு மேல யார் பேசுவா? மறுநாள் அந்த மீசைக்காரரு தன்னோட பட்டுத் துண்டை எடுத்து மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டி விட்டாரு. தாலி கட்டினான். எல்லாப் போட்டோவுலயும் ராஜா மாதிரித்தான் இருக்கான். ஒரு போட்டோவுல நான் இல்ல. கூப்பிடல. நானும் போய் நிக்கல.

ஓசூருக்குக் கிளம்புற அன்னைக்கு வாசல்ல வந்து சொன்னான். "அப்பா, இனிமே என் தலையைத் தொடாதீங்க." அவ்வளவுதான். கால்ல விழுந்தான், நான் விபூதி பூசக் கையைத் தூக்கினேன். அதுக்குள்ள இதைச் சொல்லிட்டு எந்திரிச்சுட்டான். விபூதி என் விரல்லயே நின்னு போச்சு.

ரெண்டரை வருஷம் தம்பி. அஞ்சு பண்டிகை. ஒண்ணுக்கும் வரல. பேத்தி பொறந்தா. போட்டோ வந்துச்சு, இந்திராணி போனுக்கு. புள்ளையைப் பாத்துக்க ஆள் வேணும்னு இந்திராணி எட்டு மாசம் முன்னாடி ஓசூர் போனா. போனவ போனவதான். கேட்டா, "மருமக வேலைக்குப் போறா, நான் எப்படிங்க வர்றது"ங்கிறா. போன மாசம் வீடியோவுல காட்டுறாங்க, எனக்கு அடையாளமே தெரியல. தலை முழுக்க வெள்ளை. முடியைத் தோளோட வெட்டியிருக்கா. "என்னடி கோலம் இது?"ன்னு கேட்டேன். "டை போடுறதை விட்டுட்டேங்க. இப்பத்தான் தலை அரிக்காம தூங்குறேன்"ங்கிறா.

இருபது வருஷம் மாசம் தவறாம நான் பூசி விட்டிருக்கேன். அரிக்குதுன்னு ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல? சொன்னா. இல்லன்னு சொல்லல, ஆரம்பத்துல ரெண்டு மூணு தடவை சொன்னா. அது பொடுகுன்னு நான் சொன்னேன். அப்புறம் சொல்லல. சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?

இப்ப நான் மட்டும்தான் வீட்டுல. எனக்கு நானே வெட்டிக்கிறேன். சமையலும் நானே. செலவு ரொம்பக் கம்மி.

இன்னைக்கு எதுக்குப் பழனி போறேன்னு கேக்கலையே. பேத்திக்கு மொட்டை. பதினோரு மாசம் ஆகுது. ஓசூர்லேருந்து கார்ல நேரா வந்துட்டாங்க. அவனும் மருமகளும் புள்ளையும் இந்திராணியும், அந்த மீசைக்காரரும். திண்டுக்கல் வழியாத்தான் வந்திருக்காங்க. வீட்டுக்கு வரல. பைபாஸ்லயே போயிட்டாங்க. நேத்து மத்தியானம் இந்திராணி போன் பண்ணினா. "வாங்க, உங்களைக் கூப்பிடச் சொன்னான்"னா. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் மெதுவா ஆரம்பிக்கிறா. "ஒரு விஷயம். புள்ளையோட நீங்களும் மொட்டை போடணுமாம். முடிக்கொட்டகையில போய் உக்காந்து, அங்க இருக்கிற ஆளு கையால. அப்புறம் பேசிக்கலாம்னு சொல்றான்."

கேட்டீங்களா? பெத்த அப்பனுக்குக் கண்டிஷன் போடுறான்! தண்டனை குடுக்குறான்! அவன் என்ன கோர்ட்டா? இவங்களுக்குத் தலையைக் குனிஞ்சு நான் உக்காரணுமாம், எவனோ ஒருத்தன் என் தலையில கையை வைக்கணுமாம், இருபத்தி மூணு வருஷத்துக்கு அப்புறம்! "முடியாதுன்னு சொல்லு. நான் வரவே இல்லன்னு சொல்லு"ன்னு போனை வச்சிட்டேன். நேத்துப் பூரா ஆத்திரம். சோறு இறங்கல.

அப்புறம் எதுக்குப் பஸ் ஏறினேன்னு கேக்குறீங்களா? சாமிக்கு வர்றேன் தம்பி. முருகனைப் பாக்க வர்றதுக்கு அவன்கிட்ட என்ன அனுமதி? எனக்கு வேண்டுதல் இருக்கு. இருக்கோ இல்லையோ, வரக் கூடாதா?

இதுல இன்னொரு வயித்தெரிச்சல். மொட்டைக்கு வர்றாங்கன்னு இந்திராணி போன வாரமே சொன்னா, வீட்டுக்கு வருவாங்கன்னு நம்பி முந்தாநாள்தான் டை அடிச்சேன். எப்பவும் பாதிப் பாக்கெட்தான் கலப்பேன், மீதியை மடிச்சு வச்சிருவேன். இந்தத் தடவை முழுப் பாக்கெட். பேத்தி மொதல் மொதல்ல பாக்கப் போறா, கிழவன்னு நினைச்சுறக் கூடாதுல்ல. ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா ஒரு பாக்கெட் மிச்சம். எதையும் நேரத்தோட சொல்ற பழக்கமே இல்ல அந்தக் குடும்பத்துல.

ஆயக்குடி தாண்டியாச்சா? கொய்யாப்பழம் விக்கிறவங்க எல்லாம் ஏறிட்டாங்க. இருங்க, என் போன் அடிக்குது. கண்ணாடி எங்க... யாருன்னு பாருங்க தம்பி. நவநீதனா? அவன் பேருதான் போட்டிருக்கா? நல்லாப் பாருங்க.

ஹலோ.

ம். நான்தான்.

பஸ்ல இருக்கேன். ஆயக்குடி தாண்டிருச்சு... சாப்பிட்டேன். இட்லி. வீட்டுல பண்ணினது... ம்.

முழிச்சிருக்காளா? அழுகுறாளா? வெயில்ல நிக்காதீங்க, நிழலாப் பாத்து நில்லுங்க... வரிசை பெருசா இருக்கா?

என்ன? சத்தமாச் சொல்லு, பஸ் இரையுது.

மொட்டை டோக்கனா? எத்தனைன்னா... காசு எதுவும் கிடையாதுல்ல? இப்ப எல்லாருக்கும் சும்மாதானே?

ம்.

ரெண்டு வாங்கு.

ரெண்டுன்னுதான் சொன்னேன். காது கேக்கலையா? புள்ளைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சிரிக்காத. உனக்காக இல்ல. அப்புறம், கேளு, வச்சிறாத... எரிஞ்சுச்சாடா? அன்னைக்கு. ரொம்ப எரிஞ்சுச்சா?